கிரே: அலகு, ஆள், ஆக்ஸிஜன்

கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களின் கோப்பைப் புரட்டினால் "60 கிரே, 30 தவணை" என்பது போல ஒரு வரி கண்ணில் படும். கிரே என்பது அலகு. ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது 1 கிரே. வரையறை அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயர் ஓர் ஆளுடையது: லூயிஸ் ஹரால்ட் கிரே, 1905இல் லண்டனில் பிறந்த இயற்பியலாளர். கதிரின் ஆற்றலைத் துல்லியமாக அளக்க வழி செய்தவர் அவர். பிறகு தன் ஆராய்ச்சி வாழ்வின் பின்பாதியில், அந்த அளவை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லிவிட முடியாது என்று காட்டியவரும் அவரே. இரண்டு செல்களுக்கு ஒரே அளவு கதிர் கொடுத்தாலும் ஒன்று சாகிறது, மற்றது தப்பிவிடுகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் ஆக்ஸிஜன் இருந்ததா என்பதுதான் வித்தியாசம். இதை "ஆக்ஸிஜன் விளைவு" என்பார்கள். கதிர்வீச்சு சிகிச்சையை ஏன் ஆறு வாரம் இழுத்துக் கொடுக்கிறார்கள், ரத்தசோகை இருந்தால் ஏன் கவலைப்படுகிறார்கள், சிகிச்சை நடக்கும்போது சிகரெட்டை விடச் சொல்வதில் ஏன் அத்தனை கண்டிப்பு என்பதெல்லாம் இதைப் புரிந்துகொண்டால் விளங்கிவிடும்.

அரை ஸ்பூன் காபி

முதலில் அளவைப் பற்றிய ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 கிரே பட்டு, மருத்துவ உதவியும் இல்லாமல் போனால், பாதிப் பேர் இரண்டு மாதத்துக்குள் இறந்துவிடுவார்கள். 70 கிலோ எடையுள்ளவர் என்றால் அவர் உடல் வாங்கியது 280 ஜூல், அதாவது சுமார் 67 கலோரி. இது சாப்பாட்டுப் பொட்டலத்தில் எழுதியிருக்கும் பெரிய கலோரி இல்லை, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான சிறிய கலோரி. 60 டிகிரி சூட்டில் இருக்கும் காபியில் 3 மில்லி குடித்தால், அது உடல் சூட்டுக்கு ஆறும்போது கிட்டத்தட்ட இதே ஆற்றலைத்தான் தரும். அரை டீஸ்பூனை விடக் கொஞ்சம் அதிகம். உடம்பின் வெப்பம் உயர்வது ஆயிரத்தில் ஒரு டிகிரி அளவுக்குத்தான்.

ஆகவே கதிர் கொல்வது சூட்டால் அல்ல. காபியின் ஆற்றல் உடம்பு முழுக்கப் பரவிக் கரைந்துவிடுகிறது. கதிரின் ஆற்றலோ பொட்டலம் பொட்டலமாக விழுகிறது. ஒவ்வொரு பொட்டலமும் ஒரு வேதிப்பிணைப்பை அறுக்கத் தேவையானதைவிடப் பல மடங்கு பெரியது. ஒரு செல்லுக்குள் 1 கிரே விழுந்தால் அதன் டி.என்.ஏ.வில் ஓரிழை முறிவுகள் சுமார் ஆயிரம் உண்டாகும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்த ஈரிழை முறிவுகள் 20 முதல் 40 வரை. ஓரிழை முறிவைச் செல் சுலபமாகச் சரிசெய்துகொள்ளும். எதிர் இழையைப் பார்த்துப் படியெடுத்தால் போதும். ஈரிழை முறிவுக்குப் பார்த்து எழுத மூலப்பிரதி பல நேரம் இருப்பதில்லை. தப்பாக ஒட்டினால் குரோமோசோம் குளறுபடியாகிவிடும், செல் பிரியும்போது மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிரே என்பது ஆற்றலின் அளவு. ஸ்கேன் எடுத்தால் பின்னாளில் புற்றுநோய் வருமா என்பது போன்ற கேள்விகளுக்குப் பயன்படுவது சீவர்ட் என்ற வேறு அலகு. ஒரு வயிற்று சி.டி. ஸ்கேன் ஏறக்குறைய 10 மில்லிசீவர்ட். சிகிச்சையில் கட்டிக்கு ஒரு தவணையில் கொடுப்பது 2 கிரே, அதாவது 2,000 மில்லிகிரே. இரண்டையும் ஒரே தராசில் போட்டுப் பயப்படுகிறவர்களும் உண்டு, அலட்சியம் செய்கிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறு.

இட்லிக்குள் ஒரு காற்றுத் துளை

கிரே கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் படித்து, ரூதர்ஃபோர்டு தலைமையில் இருந்த கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். காமா கதிரைக் கனமான உலோகங்கள் எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதுதான் வேலை. டாரன்ட் என்பவருடன் சேர்ந்து அளந்தபோது, கணக்குப்படி வரவேண்டியதைவிட உறிஞ்சல் கூடுதலாக இருந்தது. எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஜோடியாகப் பிறப்பதால்தான் அந்தக் கூடுதல் என்பது பாசிட்ரான் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே தெளிவானது. அளவு சரி, விளக்கம் மட்டும் அப்போது கைக்கு எட்டவில்லை.

அந்தக் காலத்தில் கதிரின் ஆற்றலை நேரடியாக அளப்பது பெரும்பாடு. ஆயிரத்தில் ஒரு டிகிரி சூட்டை எந்தத் தெர்மாமீட்டரில் பார்ப்பது? கிரே எடுத்த வழி சுற்றுவழி, ஆனால் அழகானது. வில்லியம் பிராக் முன்பே தொட்டிருந்த யோசனை அது. கிரே அதைத் தனியாகக் கண்டடைந்து, 1936இல் முழு வடிவம் கொடுத்தார். இட்லிக்குள் இருக்கும் ஒரு சின்னக் காற்றுத் துளையை நினைத்துக்கொள்ளுங்கள். மாவில் பட்ட கதிர் எலெக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. அவை துளையைக் குறுக்கே கடந்து போகின்றன. துளை போதுமான அளவு சின்னதாக இருந்தால் எலெக்ட்ரான்களின் ஓட்டத்தை அது சற்றும் கலைக்காது. அப்போது துளைக்குள் இருக்கும் காற்றில் எவ்வளவு மின்னூட்டம் உண்டானது என்று மட்டும் அளந்தால் போதும்; சுற்றியுள்ள மாவு வாங்கிய ஆற்றலைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். மின்னூட்டத்தை அளப்பது சுலபம், சூட்டை அளப்பதுதான் கஷ்டம்.

இன்றும் ரேடியோதெரபி இயந்திரத்தைச் சரிபார்க்க வரும் இயற்பியலாளர் கையில் இருப்பது இந்தத் துளைதான். விரல் தடிமன்கூட இல்லாத, 0.6 கன செ.மீ. காற்று கொண்ட அயனி அறை. தண்ணீருக்குள் அதை வைத்து 1 கிரே கொடுத்தால் சுமார் 20 நானோகூலோம் மின்னூட்டம் வரும். பிழை நேரும் இடம் எளிமையானது: அறை வெளிக்காற்றோடு தொடர்புடையது, ஆகவே உள்ளே இருக்கும் காற்றின் நிறை வானிலையைப் பொறுத்து மாறும். வெப்பநிலை 3 டிகிரி கூடினால் அளவு 1 சதவீதம் குறையும். 2,000 மீட்டர் உயர மலை ஊரில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதைத் திருத்தாமல் விட்டால் இயந்திரம் குறைவாகக் கொடுக்கிறது என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள், நோயாளிக்கு அளவு மீறிப் போகும். அறையைக் கொண்டுவந்த உடனே அளப்பதும் தவறு. தண்ணீரின் சூட்டுக்கு அது வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

பயறு வேர்

1933இல் கிரே கேம்பிரிட்ஜை விட்டு, லண்டனின் வடமேற்கே நார்த்வுட்டில் இருந்த மவுண்ட் வெர்னன் மருத்துவமனைக்கு இயற்பியலாளராகப் போனார். அடிப்படைத் துகள்களில் இருந்தவர் நோயாளிகள் இருக்கும் இடத்துக்குப் போவது அந்நாளில் இறங்குமுகமாகத்தான் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அங்கே மொட்ரம் என்ற உயிரியலாளர் இருந்தார். வீசியா ஃபாபா என்ற பெரிய பயறின் வேரைக் கதிருக்குக் காட்டி ஆராய்ந்துகொண்டிருந்தார் அவர். ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் வேர் கதிரைத் தாங்கிக்கொள்கிறது என்பதைக் கவனித்திருந்தார்.

அதற்கு முன்னும் தடயங்கள் இருந்தன. 1909இலேயே ஷ்வார்ஸ் என்ற மருத்துவர் ரேடியத்தைத் தோலில் அழுத்தி வைத்தால் புண் குறைவாக வருகிறது என்று எழுதியிருந்தார். அழுத்தினால் ரத்த ஓட்டம் குறையும், அதுதான் காரணம். 1921இல் ஹோல்ட்ஹுசன் உருண்டைப் புழுவின் முட்டைகளில் இதையே பார்த்தார். எல்லாம் சிதறிக் கிடந்த கவனிப்புகள். அவற்றை அளவாக மாற்ற ஓர் இயற்பியலாளர் தேவைப்பட்டார்.

பயறு வேர் சோதனையின் சிறப்பே அதன் மலிவுதான். ஊறவைத்து முளைகட்டிய விதைகளில் வேர் நேராக இறங்கியவற்றை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒரு தொகுதியைக் காற்றோ ஆக்ஸிஜனோ குமிழியிடும் தண்ணீரிலும், இன்னொன்றை நைட்ரஜன் குமிழியிடும் தண்ணீரிலும் வைத்துக் கதிர் காட்ட வேண்டும். பிறகு இரண்டையும் ஒரே சூட்டில் வளர்த்து, பத்து நாளில் எத்தனை மில்லிமீட்டர் நீண்டது என்று அளவுகோல் வைத்துப் பார்த்தால் போதும். வேரின் நீளம் முழுக்க நுனியில் பிரிந்துகொண்டே இருக்கும் செல்களால் வருவது. அவை செத்தால் வேர் நிற்கும். ஜான் ரீட் என்பவருடன் சேர்ந்து எக்ஸ் கதிர், நியூட்ரான், ஆல்ஃபா துகள் என்று ஒவ்வொன்றையும் இந்த வேரில் பரிசோதித்தார் கிரே. நியூட்ரானுக்கு ஆக்ஸிஜன் அவ்வளவாகப் பொருட்டில்லை. எக்ஸ் கதிருக்குத்தான் அது உயிர்நாடி. ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் அதே சேதத்தை உண்டாக்க இரண்டரை முதல் மூன்று மடங்கு எக்ஸ் கதிர் தேவை. இந்த மடங்கை ஆக்ஸிஜன் பெருக்க விகிதம் என்பார்கள்.

ஈர சிமெண்டில் கால்தடம்

மூன்று மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? செல்லில் பெரும்பகுதி தண்ணீர். எக்ஸ் கதிர் செய்யும் சேதத்தில் மூன்றில் இரண்டு பங்கு நேரடி அடி அல்ல. கதிர் தண்ணீரை உடைக்கிறது, அதில் ஹைட்ராக்சில் என்ற வெறிபிடித்த துணுக்கு பிறக்கிறது. அது நூறு கோடியில் ஒரு பங்கு வினாடிதான் உயிரோடு இருக்கும். அதற்குள் பக்கத்தில் டி.என்.ஏ. இருந்தால் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடுகிறது.

இப்போது டி.என்.ஏ.வில் ஓர் ஓட்டை. இதற்கு இரண்டு கதிகள் உண்டு. குளூட்டாதயோன் போன்ற கந்தகம் கொண்ட மூலக்கூறு ஒன்று வந்து தன் ஹைட்ரஜனைக் கொடுத்தால் ஓட்டை அடைந்துவிடும், எதுவும் நடக்காதது போல. அதற்கு முன் ஆக்ஸிஜன் வந்து ஒட்டிக்கொண்டால் அது பெராக்சைடாக மாறி நிலைத்துவிடும். ஈர சிமெண்டில் கால்தடம் பதிந்தால் உடனே கரண்டியால் தேய்த்துவிடலாம். இறுகிவிட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆக்ஸிஜன் அந்த இறுக்கும் வேலையைச் செய்கிறது. பிறகு செல்லின் நொதிகள்தான் வந்து பழுது பார்க்க வேண்டும், பல நேரம் அது சரியாக நடக்காது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. கதிர் படும் அந்தக் கணத்தில், அல்லது சில மில்லிவினாடிக்குள், ஆக்ஸிஜன் அங்கே இருந்தாக வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை. எவ்வளவு தேவை என்றால் மிகக் கொஞ்சம். காற்றில் ஆக்ஸிஜனின் அழுத்தம் சுமார் 160 மில்லிமீட்டர் பாதரசம், சாதாரணத் திசுவில் 20 முதல் 40 வரை. வெறும் 3 மில்லிமீட்டர் இருந்தாலே பாதி விளைவு வந்துவிடும். நலமான திசு ஏற்கெனவே உச்சத்தில்தான் இருக்கிறது. இன்னும் ஆக்ஸிஜன் ஏற்றினாலும் அதற்குக் கெடுதல் பெரிதாக அதிகரிக்காது. பாதி விளைவுகூட வராத அளவுக்கு ஆக்ஸிஜன் குறைந்திருப்பது பெரும்பாலும் கட்டியின் உள்ளேதான். சிகிச்சைக்காரர்களுக்கு இந்த வேறுபாடு ஒரு வரப்பிரசாதமாகப் பட்டதில் வியப்பில்லை.

செல் செத்தது என்று எப்படிச் சொல்வது

கதிர் பட்ட செல்லை மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஏமாந்துபோவோம். அது நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும், புரதம் செய்துகொண்டிருக்கும், ஒன்றிரண்டு தடவை பிரியவும் செய்யும். பிறகுதான் விழும். புற்றுநோயில் கவலை தருவது உயிரோடு இருக்கும் செல் அல்ல, பெருகக்கூடிய செல். 1956இல் டென்வரில் தியோடர் பக்கும் பிலிப் மார்கஸும் ஹீலா என்ற, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்களை வைத்து இதற்கு ஒரு சோதனை வகுத்தார்கள். இன்றும் அதுதான் உரைகல்.

தட்டில் ஒட்டியிருக்கும் செல்களை டிரிப்சின் என்ற நொதியால் பெயர்த்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக மிதக்கும்படி கலக்கிவிட்டு, எண்ணும் கண்ணாடியில் எண்ண வேண்டும். கதிர் படாத தட்டில் 100 செல் போடுவோம். 4 கிரே தட்டில் 1,000. 8 கிரே என்றால் பத்தாயிரம்கூடத் தேவைப்படும். குறைவாகப் போட்டால் எண்ண எதுவும் மிஞ்சாது. கதிர் காட்டிவிட்டு 37 டிகிரியில், 5 சதவீத கார்பன் டை ஆக்ஸைடில், 10 முதல் 14 நாள் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஊதாச் சாயம் போட்டால் ஒவ்வொரு பிழைத்த செல்லும் ஒரு புள்ளியாகத் தெரியும். 50 செல்லுக்கு மேல் இருந்தால்தான் அது கணக்கில் சேரும். 50 ஏன்? ஐந்தாறு தடவை பிரிந்தால்தான் அந்த எண்ணிக்கை வரும். அதற்குள் ஓய்ந்துவிடும் செல்களை இந்த வரம்பு ஒதுக்கிவிடுகிறது.

மாதிரிக்கு ஒரு கணக்கு. கதிர் படாத தட்டில் 100 போட்டு 60 புள்ளி வந்தது; அதாவது போட்டதில் 60 சதவீதம்தான் இயல்பாகவே வளர்கிறது. 4 கிரே தட்டில் 1,000 போட்டு 112 புள்ளி. 112ஐ ஆயிரத்தால் வகுக்கக் கூடாது, 600ஆல் வகுக்க வேண்டும். பிழைத்தது 19 சதவீதம். இதே 4 கிரேயை ஆக்ஸிஜன் இல்லாமல் கொடுத்தபோது 381 புள்ளி வந்தால் பிழைத்தது 63.5 சதவீதம். ஆக்ஸிஜன் விளைவு தட்டில் கண்ணால் பார்க்கும்படி இருக்கும்.

இந்தச் சோதனை புதியவர்கள் கையில் கெடும் இடங்கள் எல்லாம் அற்பமானவை. இரண்டு செல் ஒட்டிக்கொண்டே மிதந்தால், இரண்டில் ஒன்று பிழைத்தாலும் ஒரு புள்ளி வந்துவிடும். கதிரை எதிர்க்கும் செல் என்று தப்புக் கணக்காகும். தட்டை நடுவில் நகர்த்தினால் ஒரு புள்ளியிலிருந்து செல் கழன்று போய்ப் பக்கத்தில் குட்டிப் புள்ளி போடும். ஆக்ஸிஜன் இல்லாத சோதனையில் இன்னும் சங்கடம். பிளாஸ்டிக் தட்டு தனக்குள்ளேயே ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்திருக்கும். நைட்ரஜனை மணிக்கணக்கில் ஓட்டினாலும் அது மெல்லக் கசிந்து வந்துகொண்டே இருக்கும். அதனால் இதற்குக் கண்ணாடித் தட்டுதான். வாயுவை உலர்வாக விட்டால் திரவம் ஆவியாகிச் செல்கள் உப்பில் கருகும். தண்ணீரில் குமிழியிட்டு ஈரமாக்கி விட வேண்டும். 3 மில்லிமீட்டருக்கே பாதி விளைவு வரும்போது, கொஞ்சம் கசிவு என்றாலும் விடை கெட்டுவிடும். மூன்று மடங்கு வராமல் ஒன்றரை மடங்கோடு நின்றுவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கொள்கையை அல்ல, ரப்பர் வளையத்தை.

நுரையீரல் கட்டியின் குறுக்குவெட்டு

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946இல், கிரே லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக்குப் போனார். அங்கேதான் ஆல்மா ஹோவர்டும் ஸ்டீஃபன் பெல்க்கும் அதே பயறு வேரில் கதிரியக்கப் பாஸ்பரஸை ஏற்றி, செல் பிரிவதற்கு இடையே டி.என்.ஏ. தயாராகும் தனிக் கட்டம் ஒன்று உண்டு என்று கண்டார்கள். இன்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கும் செல் சுழற்சிப் படம் அங்கிருந்து வந்தது. 1953இல் கிரேயும் நான்கு பேரும் சேர்ந்து, திசுவில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் அளவு கதிர் சிகிச்சையின் விளைவையே மாற்றக்கூடும் என்று விரிவாக எழுதினார்கள். அதே ஆண்டு அவர் மவுண்ட் வெர்னனுக்கே திரும்பி, தனி ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஒரே கூரையின் கீழ். அப்போது அது அரிது. தண்ணீரைக் கதிர் உடைக்கும்போது தனித்துச் சுற்றும் எலெக்ட்ரானை 1962இல் அங்கேதான் ஜாக் போக் முதன்முதலில் ஒளியால் பிடித்துக் காட்டினார், அமெரிக்காவிலிருந்து வந்த எட்வின் ஹார்ட்டுடன்.

கட்டிக்குள் நிஜமாகவே ஆக்ஸிஜன் இல்லாத செல்கள் இருக்கின்றனவா என்ற கேள்விக்கு விடை 1955இல் வந்தது. டாம்லின்சன் என்ற மருத்துவரும் கிரேயும் மனித நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகளின் மெல்லிய குறுக்குவெட்டுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்து அளந்தார்கள். ஒருவகைக் கட்டிகளில் புற்றுநோய்ச் செல்கள் கயிறு போல் திரண்டு வளரும். ரத்தக்குழாய்கள் கயிற்றுக்கு வெளியேதான் ஓடும், உள்ளே நுழையாது. ஆரம் 160 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாக இருந்த கயிறுகளில் நடுப்பகுதி சாகவே இல்லை. 200 மைக்ரானைத் தாண்டியவற்றில் நடு எப்போதும் செத்துக் கிடந்தது. கயிறு எவ்வளவு பெருத்தாலும் உயிருள்ள ஓரம் மட்டும் 100 முதல் 180 மைக்ரான் என்ற அளவிலேயே நின்றது. ஆக்ஸிஜன் ரத்தத்திலிருந்து கசிந்து வரும்போது, வழியில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் அதில் கொஞ்சம் தின்றுவிடுகிறது. எவ்வளவு தூரத்தில் அது தீர்ந்துபோகும் என்று கணக்கிட்டால் சுமார் 150 மைக்ரான் வந்தது. பார்த்ததும் கணக்கிட்டதும் பொருந்தின. பிற்காலக் கணக்குகள் இந்தத் தூரத்தை 70 மைக்ரான் அளவுக்குக் குறைத்துவிட்டன, படம் மாறவில்லை.

கயிற்றின் வெளிவரிசைச் செல்களுக்கு ஆக்ஸிஜன் வயிறார இருக்கிறது. அவை கதிருக்குச் சாகும். நடுவில் இருப்பவை ஏற்கெனவே செத்தவை. இரண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு செல் தடிமனில் ஒரு வளையம் இருக்கிறது. உயிர் போகவில்லை, ஆனால் ஆக்ஸிஜன் தீரும் விளிம்பில் இருக்கிறது. பட்டினி கிடந்து பிழைத்தவர்கள் என்று அவற்றைச் சொல்லலாம். அவற்றுக்குத்தான் கதிர் ஏறாது.

ஆறு வாரக் கணக்கு

அந்த மெல்லிய வளையம் எவ்வளவு தொல்லை என்று எண்களில் பார்ப்போம். ஒரு கட்டியில் நூறு கோடி செல் இருக்கட்டும். ஆக்ஸிஜன் உள்ள செல்களில் ஒரு தவணை 2 கிரேக்குப் பாதி பிழைக்கும் என்று வைப்போம். பாதியில் பாதி, அதில் பாதி என்று 30 தவணை முடிந்தால் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரே ஒரு செல். இப்போது ஒரு சதவீதம், அதாவது ஒரு கோடி செல், ஆக்ஸிஜன் இல்லாதது என்று வையுங்கள். அவற்றில் ஒவ்வொரு தவணையிலும் 80 சதவீதம் பிழைக்கும். 30 தவணை கழித்து மிஞ்சுவது சுமார் 12,000. நோய் திரும்பி வர அதுவே தாராளம்.

இந்தக் கணக்கு முழு உண்மையானால் 60 கிரேயில் எந்தப் பெரிய கட்டியும் குணமாகக் கூடாது. ஆனால் பல குணமாகின்றன. காரணம் இடைவெளி. வெளிவரிசை செத்து விலகியதும் உள்ளே இருந்தவற்றுக்கு ஆக்ஸிஜன் எட்டத் தொடங்குகிறது. இன்று தப்பியவை நாளைய தவணையில் மாட்டிக்கொள்கின்றன. எலிக் கட்டி ஒன்றில் வான் புட்டனும் கால்மனும் 1968இல் இதை அளந்தார்கள். சிகிச்சைக்கு முன் ஆக்ஸிஜன் இல்லாதவை 14 சதவீதம். வாரத்தில் ஐந்து நாள், தினம் 1.9 கிரே கொடுத்துவிட்டுப் பார்த்தபோது 18 சதவீதம். ஆக்ஸிஜன் உள்ளவை மட்டும் செத்துக்கொண்டே போயிருந்தால் மிஞ்சியவை அத்தனையும் ஆக்ஸிஜன் இல்லாதவையாகவே இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை, ஒவ்வொரு இரவும் கட்டி தன்னை மறுபடி கலைத்து அடுக்கிக்கொண்டது. 60 கிரேயை ஒரே மூச்சில் கொடுக்காததற்கு நலமான திசு தாங்காது என்பது ஒரு காரணம், இது இன்னொன்று. தவணையைத் தவறவிட்டு, "சேர்த்துக் கொடுத்துவிடுங்களேன்" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதிலில் பாதி.

ஏற்றிப் பார்த்த வழிகள்

1955இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சர்ச்சில்-டேவிட்சன் நோயாளிகளை அழுத்தத் தொட்டிக்குள் படுக்கவைத்து, மூன்று மடங்கு காற்றழுத்தத்தில் தூய ஆக்ஸிஜனை மூச்சு வாங்கவைத்து, வெளியிலிருந்து கதிர் செலுத்தினார். தலை, கழுத்து, கருப்பைவாய்க் கட்டிகளில் பலன் தெரிந்தது. ஆனால் மூடிய தொட்டிக்குள் சிலருக்குக் காது வலி, சிலருக்கு வலிப்பு, சிலருக்கு மூச்சுமுட்டும் பயம். ஒரு தவணைக்கே பாதி நாள் ஓடிவிடும், அதனால் தவணைகளைக் குறைத்தார்கள்; அது இன்னொரு பக்கம் கெடுத்தது. மெல்ல அந்த வழி கைவிடப்பட்டது.

அடுத்து வந்தது ஆக்ஸிஜனைப் போலவே வேலை செய்யும் மருந்துகள். கட்டியின் செல்கள் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும், இந்த மருந்தைத் தின்னாது. அதனால் அது கயிற்றின் நடுவரைக்கும் போய்ச் சேரும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோநிடசோலின் குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. கிரேயின் பெயர் தாங்கிய ஆய்வுக்கூடத்தில் ஜெரால்ட் ஆடம்ஸும் ஜாக் ஃபவுலரும் இதில் முன்னணியில் இருந்தார்கள். எலியில் மிசோநிடசோல் அற்புதமாக வேலை செய்தது. மனிதர்களில் கை கால் நரம்பு மரத்துப்போனது, அதனால் வேண்டிய அளவு கொடுக்கவே முடியவில்லை. வீரியம் குறைந்த, ஆனால் நரம்பைக் கெடுக்காத நிமோரசோலை டென்மார்க் எடுத்துக்கொண்டது. அங்கே தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிரோடு அது வழக்கமான மருந்தாகிவிட்டது. பிரிட்டனில் பின்னர் நடந்த சோதனையில் பலன் தெரியவில்லை. யாருடைய கட்டியில் ஆக்ஸிஜன் குறைவு என்று முன்கூட்டியே பிரித்தறிவதில்தான் இன்னும் சிக்கல்.

எளிய வழிகளிலும் பொறி உண்டு. ஹீமோகுளோபின் குறைந்தவர்களுக்குக் கதிர் சிகிச்சை சரியாகப் பலிப்பதில்லை என்பது கருப்பைவாய்ப் புற்றுநோயில் வெகுகாலமாகத் தெரிந்தது. அதனால்தான் சிகிச்சைக்கு முன்னும் நடுவிலும் ரத்தப் பரிசோதனை. சரி, ரத்தம் ஊறவைக்கும் எரித்ரோபாய்ட்டின் ஊசி போட்டால்? ஹீமோகுளோபின் ஏறியது. 2003இல் வெளியான தலை, கழுத்துப் புற்றுநோய்ச் சோதனையிலோ ஊசி போட்டவர்களின் நிலை போடாதவர்களைவிட மோசமாக முடிந்தது. எண்ணை உயர்த்துவது ஒன்று, கட்டியின் நடுவில் ஆக்ஸிஜன் சேர்வது வேறொன்று. சிகரெட் விஷயம் இதைவிடத் தெளிவு. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் விடாது. சிகிச்சைக்குக் கூப்பிடும்வரை வெளியே நின்று ஒன்று பற்றவைத்துவிட்டு உள்ளே போகிறவர், அன்றைய 2 கிரேயில் ஒரு பங்கைத் தானே வீணாக்குகிறார். மாலையில் புகைப்பதும் கெடுதல்தான், ஆனால் கதிர் படும் அந்தச் சில நிமிடங்களில் ரத்தத்தில் என்ன இருந்தது என்பதுதான் இங்கே கணக்கு.

டென்மார்க்கில் நிமோரசோல் மாத்திரையைக் கதிருக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு விழுங்கச் சொல்கிறார்கள். மருந்து ரத்தத்தில் ஏறி, கயிற்றின் நடுவரை ஊறிச் சேர அவ்வளவு நேரம் வேண்டும். வரிசை நீண்டு இயந்திரம் தாமதமானால் மாத்திரை வீண். கதிர் முடிந்தபின் விழுங்கினாலும் வீண். கிரே 1965இல் இறந்தார். எடை, அளவு பற்றிய சர்வதேச மாநாடு 1975இல் ராட் என்ற பழைய அலகுக்குப் பதிலாக அவர் பெயரை வைத்தது. 100 ராட் ஒரு கிரே ஆயிற்று.